ஒரே போர்டிங் பாஸ், நாட்டுக்கு நாடு வேறு சோதனை: ஏன்?

பழைய வட ஆற்காடு மாவட்டத்தில் வெளிநாட்டு விமானம் ஏறிய ஆள் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் கம்பெனிக்காரர்கள் மிலானுக்கும் ஹாங்காங்குக்கும் போய் வருகிறார்கள். பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பையன்கள் சவூதிக்கும் துபாய்க்கும் வேலைக்குப் போகிறார்கள். சி.எம்.சி.யில் படித்த நர்ஸுகள் இங்கிலாந்திலும் நியூசிலாந்திலும் இருக்கிறார்கள். வி.ஐ.டி. பிள்ளைகள் மேல்படிப்புக்கு அமெரிக்கா போகிறார்கள். லீவுக்கு ஊருக்கு வரும்போது பேச்சு சுற்றிச் சுற்றி ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: "அங்க ஒருத்தரும் கேக்கலியே, மெட்ராஸ் ஏர்போர்ட்ல மட்டும் இன்னாத்துக்கு இத்தினி வாட்டி போர்டிங் பாஸக் காட்டச் சொல்றாங்க?"

இதற்கு நம் பக்கம் இரண்டு பதில்கள் புழங்குகின்றன. "நம்மாளுங்கள யாரும் நம்ப மாட்டாங்க" என்பது ஒன்று. "அங்கெல்லாம் சிஸ்டம் பக்காவா இருக்கு" என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் இரண்டும் காரணத்தைத் தொடவில்லை. ஒரே அட்டையை ஆறு பேர் பார்த்தால், ஆறு பேரும் ஆறு வேறு விஷயங்களைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். எதைத் தெரிந்துகொள்ள வேண்டும், யார் கேட்க வேண்டும், எந்த இடத்தில் கேட்க வேண்டும் என்பதை ஒவ்வொரு நாடும் தன் அனுபவத்தை வைத்துத் தீர்மானித்திருக்கிறது.

சென்னையில் வெளிநாட்டு விமானம் ஏறுகிறவர் கூடவே நடந்து பார்ப்போம். வாசலில் சி.ஐ.எஸ்.எஃப். என்ற மத்தியப் படையின் காவலர் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்க்கிறார். இந்தக் கட்டடத்துக்குள் வர இந்த ஆளுக்கு இன்றைக்கு வேலை இருக்கிறதா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். உள்ளே ஏர்லைன் கவுன்ட்டரில் பெட்டியை எடை போடுகிறார்கள், விசாவைப் புரட்டிப் பார்க்கிறார்கள், போர்டிங் பாஸ் அடித்துக் கொடுக்கிறார்கள். போய் இறங்கும் நாட்டில் இவரை உள்ளே விடுவார்களா என்பது அவர்கள் கவலை. அப்புறம் இமிகிரேஷன்: இவர் நாட்டை விட்டுப் போகத் தடை ஏதும் உண்டா, எந்த விமானத்தில் போகிறார்? அடுத்தது செக்யூரிட்டி: உடம்பிலும் பையிலும் ஆகாத பொருள் இருக்கிறதா? கேட்டில் ஸ்கேன் செய்கிற ஊழியர், பெட்டியைப் போட்டவர் தானும் ஏறிவிட்டாரா என்று கணக்கு பார்க்கிறார். விமானக் கதவருகே நிற்கும் பணிப்பெண்ணுக்கு, இவர் சரியான விமானத்துக்குத்தான் வந்திருக்கிறாரா என்று தெரிந்தால் போதும்.

ஏர்லைன்காரர் விசாவை இத்தனை அக்கறையாகப் பார்ப்பதற்குப் பின்னால் பணம் இருக்கிறது. சரியான ஆவணம் இல்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போனால், அந்த நாடு ஏர்லைனுக்கு அபராதம் போடும். ஆளைத் திருப்பிக் கொண்டுவரும் செலவும் ஏர்லைன் தலையில்தான் விழும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு 2001-ல் போட்ட விதி இருக்கிறது. இந்தியாவும் 2000-ல் இப்படி ஒரு சட்டம் கொண்டுவந்து, தப்பான ஆவணத்தோடு வரும் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று அபராதம் வைத்தது. ஆக, கவுன்ட்டர் பெண் உங்கள் விசாவை மூன்று தடவை திருப்பிப் பார்த்தால், தன் கம்பெனிப் பணத்தைக் காப்பாற்றுகிறார் என்று பொருள்.

சரி, உலகம் முழுக்க ஒரே விதி இல்லையா? இருக்கிறது. 1944 சிகாகோ ஒப்பந்தத்தில் பிறந்த ஐ.சி.ஏ.ஓ. என்ற ஐ.நா. அமைப்பு, விமானக் கடத்தல்கள் பெருகிய பிறகு 1974-ல் பாதுகாப்புக்கென்றே பதினேழாவது இணைப்பைக் கொண்டுவந்தது. பயணியையும் கைப்பையையும் ஏறுவதற்கு முன் சோதிக்க வேண்டும், சோதித்தவரும் சோதிக்காதவரும் கலக்கக் கூடாது, ஏறாத பயணியின் பெட்டி ஏறக் கூடாது என்று எட்ட வேண்டிய நிலையை அது சொல்கிறது. போலீஸ் செய்யுமா, தனியார் கம்பெனி செய்யுமா, வாசலில் செய்வதா, கேட்டில் செய்வதா என்பதெல்லாம் அந்தந்த அரசின் பாடு. குறைந்தபட்சம் இவ்வளவு என்று கோடு போட்டார்கள். அதற்கு மேல் எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். இந்தியா நிறைய ஏற்றிக்கொண்ட நாடு. அதற்குக் காரணங்கள் உண்டு.

1976 செப்டம்பரில் இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் ஒன்று கடத்தப்பட்டது. அதை விசாரித்த குழுவின் பரிந்துரைப்படி 1978 ஜனவரியில் சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகம், அதாவது பி.சி.ஏ.எஸ்., ஒரு சின்னப் பிரிவாகத் தொடங்கியது. இன்று இந்திய விமான நிலையங்களில் யார் எதைச் சோதிக்க வேண்டும் என்று எழுதுவது அந்த அலுவலகம்தான்.

அடுத்த அடி நம் வாசலிலேயே விழுந்தது. 1984 ஆகஸ்ட் 2 இரவு, மீனம்பாக்கம். கொழும்பு விமானத்துக்குப் பெட்டிகளை ஒப்படைத்த ஒரு பயணி விமானத்தில் ஏறவில்லை. ஆள் வராததால் அந்தப் பெட்டிகள் தனியாக எடுத்து வைக்கப்பட்டன. விமான நிலையத்துக்குள்ளேயே அவை வெடித்தன. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். நம் மாவட்டத்திலிருந்து போகிறவர்கள் இன்றைக்கும் ஏறி இறங்குவது இதே மீனம்பாக்கத்தில்தான். ஆனால் அந்த இரவைப் பற்றி இளையவர்கள் பலருக்குத் தெரியவே தெரியாது. பெட்டியும் ஆளும் பிரிந்தால் என்ன ஆகும் என்பதை நமக்குச் சொல்ல வெளியூர் உதாரணம் தேவையில்லை.

மறு வருஷம் 1985 ஜூன் 23-ல் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக்குப் பக்கத்தில் அட்லாண்டிக் கடலுக்கு மேல் வெடித்து 329 பேர் இறந்தார்கள். வான்கூவரில் ஒருவர் பெட்டியை மட்டும் ஏற்றிவிட்டுத் தான் ஏறாமல் இருந்துவிட்டார். அதே நாள் ஜப்பானின் நரிடா விமான நிலையத்தில் இதே மாதிரி வந்த இன்னொரு பெட்டி வெடித்து, பெட்டி தூக்கும் தொழிலாளர்கள் இரண்டு பேர் இறந்தார்கள். பயணியையும் பெட்டியையும் ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்ப்பது உலகமெங்கும் கட்டாயமானதில் இந்தச் சாவுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. 1987 ஏப்ரலில் பி.சி.ஏ.எஸ். தனித் துறையாக ஆனதும் இதனால்தான். கேட்டில் உங்கள் போர்டிங் பாஸ் 'பீப்' என்று ஒலிக்கும்போது, உங்கள் பெட்டிக்கும் பறக்க அனுமதி கிடைக்கிறது. நீங்கள் கடையில் நின்றுவிட்டால் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்கும் வராவிட்டால் பெட்டியைத் தேடி இறக்கிவிட்டுத்தான் விமானம் கிளம்பும். அந்த நேரத்தில் உள்ளே உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் என்னைக் கேட்டால், போர்டிங் பாஸுக்கு உள்ள வேலைகளில் இதைவிடப் பெரிய வேலை கிடையாது.

பிறகு காந்தகார். 1999 டிசம்பர் 24-ல் காத்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தைக் கடத்தி, ஆப்கானிஸ்தானில் உள்ள காந்தகாருக்குக் கொண்டுபோனார்கள். டிசம்பர் 31 வரை நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. அதுவரை விமான நிலையக் காவல் அந்தந்த மாநிலப் போலீஸிடம் இருந்தது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, பெரிய விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக மத்திய தொழில் பாதுகாப்புப் படைக்கு, அதாவது சி.ஐ.எஸ்.எஃப்.புக்குப் போயின. பதற்றமான காலங்களிலும், சுதந்திர தினம், குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களிலும் ஏணிப் பக்கம் இன்னொரு தடவை பையைத் திறந்து பார்க்கிறார்களே, அது முதல் சோதனையில் தப்பியதைப் பிடிக்க வைத்த இரண்டாவது வலை.

சீல் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வினோதமாகத் தெரிந்தது அதுதான். உடம்பைத் தடவிப் பார்த்த காவலர் போர்டிங் பாஸில் ஒரு சீல் குத்துவார். கைப்பையில் தொங்கும் காகித டேக்கிலும் ஒரு சீல். கேட்டில் வேறொரு காவலர் அந்தச் சீல் இருக்கிறதா என்று பார்ப்பார். டேக்கில் சீல் இல்லாததால் மூச்சிரைக்கத் திரும்ப ஓடிய பெரியவர்கள் எத்தனையோ பேர். 'இந்த ஆள் சோதனை முடித்தவர்' என்ற தகவல் எந்தக் கம்ப்யூட்டரிலும் இல்லாதபோது, பயணியின் கையில் இருந்த காகிதமே பதிவேடாக இருந்தது. அதனால்தான் சீல். 2017 ஏப்ரலில் டெல்லி, மும்பை, பெங்களூரு உள்ளிட்ட ஏழு விமான நிலையங்களில் கைப்பை டேக் சீலை நிறுத்தினார்கள். சென்னைக்கு அது அப்புறம் வந்தது. கேமராவும் பார்கோடு ஸ்கேனும் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டதும் சீலுக்கு வேலை குறைந்துவிட்டது.

அந்தப் பார்கோடுக்குள் என்ன இருக்கிறது? ஐ.ஏ.டி.ஏ. என்ற ஏர்லைன்கள் சங்கம் 2010 முடிவுக்குள் எல்லா ஏர்லைன்களும் ஒரே மாதிரிப் பார்கோடுக்கு மாற வேண்டும் என்று கெடு வைத்தது. பெயர், பி.என்.ஆர். என்ற முன்பதிவு எண், கிளம்பும் ஊர், போகும் ஊர், விமான நம்பர், சீட், எத்தனாவது ஆளாகச் செக்-இன் செய்தார் என்பதெல்லாம் அதில் அடங்கும். தேதியைக்கூட மாதம், நாள் என்று எழுதாமல் வருஷத்தின் எத்தனாவது நாள் என்று எண்ணாகப் போடுவார்கள். பிப்ரவரி 1 என்றால் 032. போட்டோ கிடையாது. அதாவது அட்டைக்கு உங்கள் முகம் தெரியாது. அட்டையையும் ஆளையும் இணைப்பது எப்படி என்பதில்தான் நாடுகள் பிரிந்து போகின்றன.

அமெரிக்காவில் 2001 செப்டம்பர் 11-க்கு முன்னால், வழியனுப்ப வந்தவர் டிக்கெட் இல்லாமலேயே சோதனையைத் தாண்டிக் கேட் வரைக்கும் போகலாம். சோதனை செய்ததும் ஏர்லைன்கள் அமர்த்திய தனியார் ஆட்கள்தான். அந்த வருஷம் நவம்பரிலேயே சட்டம் போட்டு டி.எஸ்.ஏ. என்ற அரசு அமைப்பை உண்டாக்கினார்கள். பயணியின் பெயர், பிறந்த தேதி, பாலினம் மூன்றையும் ஏர்லைன் முன்கூட்டியே அரசுக்கு அனுப்பிவிடும். கண்காணிப்புப் பட்டியலோடு அது ஒப்பிடப்படும். அதனால் சோதனை வரிசைக்கு நீங்கள் வருவதற்குள் உங்களைப் பற்றிய முடிவு பெரும்பாலும் எடுத்தாகிவிட்டது. இப்போது பல இடங்களில் பாஸ்போர்ட்டையோ லைசென்ஸையோ இயந்திரத்தில் வைத்தால் போதும், உங்களுக்கு இன்று விமானம் இருப்பது திரையில் வந்துவிடும். போர்டிங் பாஸைக் கேட்பதே இல்லை. 'அங்கே சோதனை குறைவு' என்று நம் பிள்ளைகள் சொல்வது இதைப் பார்த்துத்தான். வாசலில் நடக்க வேண்டியது அங்கே கண்ணுக்குத் தெரியாமல் முதல் நாளே நடந்துவிடுகிறது. யாராவது ஒருவர் போர்டிங் பாஸில் வரிசையாக நான்கு 'எஸ்' அச்சாகி வந்தால், அவரைத் தனியாக நிறுத்தித் துருவிப் பார்ப்பார்கள். அப்போது தெரியும், குறைவா கூடுதலா என்று.

இன்னொன்றும் அங்கே நம்மவர்களைக் குழப்பும். அமெரிக்காவை விட்டுக் கிளம்பும்போது இமிகிரேஷன் கவுன்ட்டரே கிடையாது. ஏர்லைன் அனுப்பும் பயணிகள் பட்டியலே வெளியேறியதற்குச் சாட்சி. பல கேட்டுகளில் இப்போது கேமராவும் முகத்தைப் படம் பிடிக்கிறது. காட்பாடியில் ஒரு பெரியம்மா மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "பாஸ்போர்ட்ல வெளியே போன சீலே வெக்கல கண்ணு, அடுத்த வாட்டி விசா குடுக்க மாட்டானோ?" என்று என்னிடம் கேட்டார். "கவலப்படாதீங்க பெரிம்மா, கம்ப்யூட்டர்ல ஏறியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஐ-94 என்ற அமெரிக்க வருகை, புறப்பாட்டுப் பதிவை இணையத்தில் திறந்து அவர் கிளம்பிய தேதியைக் காட்டின பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

இங்கிலாந்தில் நடப்பதற்குக் கட்டடமே காரணம். லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாவது முனையம் 2008-ல் திறந்தது. அங்கே உள்நாட்டுப் பயணியும் வெளிநாட்டுப் பயணியும் ஒரே காத்திருப்புக் கூடத்தில் உட்காருகிறார்கள். இதில் ஒரு ஓட்டை உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்து வேறு நாட்டுக்கு மாறிப் போகிற ஒருவர் பிரிட்டிஷ் இமிகிரேஷனைத் தாண்ட வேண்டியதில்லை. அவரும், எடின்பரோவுக்கு உள்நாட்டு டிக்கெட் வைத்திருக்கும் கூட்டாளி ஒருவரும் கூடத்தில் போர்டிங் பாஸை மாற்றிக்கொண்டால்? வெளிநாட்டவர் எடின்பரோவில் உள்நாட்டுப் பயணியாக இறங்கி, யாரும் பாஸ்போர்ட் கேட்காமல் வெளியே நடந்துவிடலாம். இதைத் தடுக்கத்தான் உள்நாட்டுப் பயணியை முன்கூட்டியே படம் பிடித்து, கேட்டில் முகத்தோடு பொருத்திப் பார்க்கிறார்கள். சென்னையில் உள்நாட்டு முனையம் வேறு, வெளிநாட்டு முனையம் வேறு. சுவர் செய்யும் வேலையை அங்கே கேமரா செய்கிறது.

அதே இங்கிலாந்தில் விமான நிலையக் கடைக்காரர்கூடப் போர்டிங் பாஸ் கேட்டதுண்டு. பல வருஷம் மக்கள் அதைப் பாதுகாப்பு விதி என்று நினைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே போகிறவருக்கு விற்றால், 2020 முடிவு வரை கடைக்கு வாட் வரி மிச்சமானது; கணக்குக்குத்தான் அந்தப் பார்கோடு. 2015-ல் செய்தி வெளியானதும் பெரிய சண்டையானது. அந்த வரிச் சலுகையில் பயணிக்கு ஒன்றும் வரவில்லை என்பதே மக்கள் கோபம், நியாயமான கோபம். கேட்கிறவர் எல்லாம் அதிகாரி கிடையாது. கேள்வி யாருடையது என்று தெரிந்தால், எங்கே காட்ட வேண்டும், எங்கே 'எதற்கு?' என்று கேட்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

ஷெங்கன் நாடுகள் நம் தோல் வியாபாரிகளுக்குப் பழக்கமான இடம். ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி அங்கேயே இமிகிரேஷன் முடித்துவிட்டால், அங்கிருந்து மிலானுக்குப் போவது சென்னையிலிருந்து கோயம்புத்தூர் போகிற மாதிரிதான். 1995-ல் தொடங்கி இந்த நாடுகள் ஒவ்வொன்றாகத் தங்களுக்குள் எல்லைச் சோதனையை எடுத்துவிட்டன. செக்யூரிட்டி முகப்பில் கண்ணாடிக் கதவு பார்கோடைப் படித்துத் திறக்கும். பல சமயம் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. அதே ஐரோப்பாவில் ரயன்ஏர் மாதிரி மலிவுக் கட்டண ஏர்லைன்கள், ஐரோப்பியர் அல்லாத பயணிகள் தனி மேசைக்குப் போய் ஆவணம் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதி வைத்தன. அங்கே செக்-இன் எல்லாம் செல்போனிலேயே முடிந்துவிடுவதால், விசாவைப் பார்க்க வேறு சந்தர்ப்பம் கிடையாது. இந்திய பாஸ்போர்ட்காரர்கள் பலர் அந்த மேசையைப் பற்றிக் கேட்டில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

2016 மார்ச் 22-ல் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தின் செக்-இன் கூடத்தில் குண்டு வெடித்தபோது, இந்தியா மாதிரி வாசலிலேயே சோதிக்கலாமா என்று ஐரோப்பாவில் பேச்சு எழுந்தது. பெரும்பாலான நாடுகள் வேண்டாம் என்றே இருந்துவிட்டன. வாசலில் வைத்தால் கூட்டம் வாசலுக்கு வெளியே சேரும், ஆபத்து இடம் மாறுமே தவிரக் குறையாது என்பது அவர்கள் வாதம். அந்த வருஷம் ஜூன் 28-ல் இஸ்தான்புல் அத்தாதுர்க் விமான நிலையத்தில் நடந்த தாக்குதல் அந்த வாதத்துக்கு வலு சேர்த்தது. அங்கே வாசலில் எக்ஸ்ரே சோதனை இருந்தும் தாக்க வந்தவர்கள் உயிர்களைப் பறித்தார்கள். எனக்கு இதில் ஒரு பக்கம் சாய முடியவில்லை. சென்னை வாசலில் காவலர் நிற்பதால் உள்ளே கூட்டம் குறைவு என்பது கண்கூடு. அதற்கு விலை, ஆம்பூரிலிருந்து வேன் பிடித்து வந்த குடும்பம் கண்ணாடிக்கு வெளியே நிற்பது. முதல் தடவை சவூதி போகிற பையன் உள்ளே எந்த வரிசையில் நிற்பது என்று தெரியாமல் போன் செய்வான். அப்பா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, "அந்தப் பக்கம் பாருடா, எழுதியிருக்கும்" என்று கை காட்டுவார்.

அந்த அப்பா ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு விமானத்துக்கு வழியனுப்பப் போயிருந்தால், மகனோடு கேட் வரைக்கும் போயிருக்கலாம். சோதனை உண்டு, டிக்கெட் வேண்டியதில்லை. நியூசிலாந்தில் 90 சீட்டுக்குக் குறைந்த உள்நாட்டு விமானங்களுக்குச் செக்யூரிட்டி சோதனையே கிடையாது. காட்பாடியில் ரயில் ஏறுகிற மாதிரி நேரே போய் ஏறலாம். 2008-ல் அப்படிப்பட்ட ஒரு சின்ன விமானத்தில் கத்தியோடு ஏறிய ஒருவர் விமானிகளைத் தாக்கினார். அதற்குப் பிறகும் யோசித்துப் பார்த்துவிட்டு, சின்ன ஊர்களுக்கெல்லாம் சோதனை வைப்பதில்லை என்றே முடிவெடுத்தார்கள். காயம் பட்டால் எல்லா நாடும் ஒரே மாதிரி மருந்து போடுவதில்லை. ஆள் கூலி அதிகமான, ஜனம் குறைவான நாடு அந்தச் செலவைக் கணக்குப் பார்த்தது. இந்தியாவில் அந்தச் செலவு டிக்கெட்டிலேயே இருக்கிறது: 2021 ஏப்ரலில் விமானப் பாதுகாப்புக் கட்டணம் உள்நாட்டுப் பயணிக்கு 200 ரூபாய், வெளிநாட்டுப் பயணிக்கு 12 டாலர் என்று உயர்ந்தது.

சிங்கப்பூர் வேறு வழி போனது. சாங்கியின் பல முனையங்களில் இமிகிரேஷன் முதலில், எக்ஸ்ரே சோதனை கடைசியில் அந்தந்த கேட்டிலேயே. நடுவில் இருப்பது கடைகள் நிறைந்த பெரிய கூடம். நண்பரை வழியனுப்பவோ பொருள் வாங்கவோ மட்டும் டிக்கெட் எடுத்து உள்ளே போய், விமானம் ஏறாமல் திரும்பினால் அங்கே குற்றம். கைது வரைக்கும் போகிறது. போர்டிங் பாஸை அங்கே அடிக்கடி கேட்பதில்லை, ஏமாற்றினால் விடுவதுமில்லை.

இத்தனைக்கும் நடுவில் நம் ஊர்க்காரர்களுக்கு உண்மையில் எங்கே இடிக்கிறது என்று பார்த்தால், பெயரில்தான். பார்கோடில் பெயருக்கு 20 எழுத்துதான் இடம். ஆங்கில எழுத்தில் 'வெங்கடசுப்பிரமணியன்' என்று எழுதினால் அதுவே இடத்தைச் சாப்பிட்டுவிடும். அப்பா பெயர் பாதியில் வெட்டுப்படும். அது வழக்கமான வெட்டு என்று ஏர்லைனுக்குத் தெரியும், பயப்பட வேண்டியதில்லை. தகராறு வருவது இனிஷியலில். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. டிக்கெட் போடும் இணையதளம் காலியாக விடாது. ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் அதே பெயரை இரண்டு தடவை போடுவார், ஒருவர் அப்பா பெயரைப் போடுவார். சென்னை வாசலில் காவலர் ஆதாரையும் டிக்கெட்டையும் கண்ணால் பார்த்து, புரிந்துகொண்டு விட்டுவிடுவார். மனிதர் பார்ப்பதில் இருக்கும் நன்மை அது. பட்டியலோடு ஒப்பிடும் கம்ப்யூட்டருக்கு 'கே. முருகனும் முருகன் கந்தசாமியும் ஒரே ஆள்தான்' என்று யார் சொல்வது? 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, அப்புறம் அப்பா பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் சரி என்று தளர்த்தியது. நடுவில் எத்தனை பேர் தவித்தார்கள் என்பதை நம் பக்கத்து டிராவல்ஸ்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். வேலூர் அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு முதல் பாஸ்போர்ட்டுக்காகப் போகிறவர்கள், இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிடுவது நல்லது. டிக்கெட்டிலும் எழுத்துக்கு எழுத்து அதே மாதிரி இருக்கட்டும்.

பெயர் பொருந்தினால் ஆள் சரி என்றும் ஆகிவிடாது. 2014 மார்ச் 8-ல் காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச். 370-ல் இரண்டு பேர் திருட்டு பாஸ்போர்ட்டில் ஏறியிருந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயரும் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரும் ஒன்றுதான். அந்த பாஸ்போர்ட்டுகள் திருடுபோனவை என்று இன்டர்போல் பட்டியலில் இருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. அவர்களுக்கும் விமானம் மறைந்ததற்கும் தொடர்பு கண்டுபிடிக்கப்படவில்லை. ஆனாலும் பல நாடுகள் முகத்தைப் பதிவு செய்யும் பக்கம் நகர இந்த மாதிரி ஓட்டைகளும் ஒரு காரணம். இந்தியாவில் 2022 டிசம்பர் 1-ல் தொடங்கிய டிஜியாத்ரா உள்நாட்டுப் பயணத்துக்கு அதைத்தான் செய்கிறது: வாசலில் கேமரா முகத்தைப் பார்க்கும், கதவு திறக்கும். வேகம் நல்லதுதான். ஆனால் செல்போன் கையாளத் தெரியாத பெரியவருக்கும், முகத்தைக் கொடுக்க விரும்பாதவருக்கும் காகிதத்தைப் பார்க்கிற மனிதர் ஒருவர் வாசலில் என்றைக்கும் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு.

அந்த மனிதர் தமிழ் பேசினால் இன்னும் நல்லது. 2020 ஆகஸ்டில் சென்னை விமான நிலையத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள் என்று கேட்ட கனிமொழி எம்.பி.யிடம், நீங்கள் இந்தியரா என்று சி.ஐ.எஸ்.எஃப். அதிகாரி ஒருவர் கேட்டதாக அவரே பதிவிட்டதும் பெரிய விவாதமானது. எம்.பி. பதில் சொல்லிவிடுவார். குடியாத்தத்திலிருந்து முதல் தடவை வருகிற அம்மாவிடம் புரியாத மொழியில் 'டிக்கெட், ஐடி' என்று அதட்டலாகக் கேட்டால், கேள்வியே அவருக்குக் குற்றச்சாட்டாகக் கேட்கிறது. ஒரே கேள்வியை ஆறு பேர் கேட்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், எதற்கென்று ஒரு வரி தமிழில் சொன்னால்.

அப்துல்லாபுரத்தில் உள்ள நம் வேலூர் விமான தளத்தை, சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் எடுத்துப் புதுப்பித்திருக்கிறார்கள். ஓடுதளம் சின்னது, பெரிய விமானம் இறங்காது. நியூசிலாந்தாக இருந்தால் இந்த அளவு விமானத்துக்குச் சோதனையே தேவைப்படாது. இந்தியாவில் அப்படி விலக்கு இல்லை. சீட் எத்தனை குறைவாக இருந்தாலும் அடையாள அட்டை, எக்ஸ்ரே, உடல் சோதனை எல்லாம் உண்டு. ஆனால் உடான் விமான நிலையங்களுக்குப் போலீஸையும் தீயணைப்பையும் மாநில அரசு இலவசமாகத் தர வேண்டும் என்பது அந்தத் திட்டத்தின் ஏற்பாடு. அந்த ஏற்பாடு அப்படியே நடந்தால், அங்கே போர்டிங் பாஸை வாங்கிப் பார்க்கப் போகிறவர் தமிழ்நாடு போலீஸ்காரராக இருப்பார்.